இடியப்பத் தட்டில் பழப்புறா

1. உடைந்த முட்டை

பிள்ளைகளே, எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு பறவைப் பூங்காவில் கீப்பராக இருந்தேன். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால், பழப்புறாக் கூண்டின் சீமெந்துத் தரையில் முட்டை உடைந்து கிடந்தது.

பழப்புறா தூரத்துத் தீவுக் காடுகளின் பறவை. மைனாவளவுதான். பச்சை உடம்பு, நெற்றியில் குங்குமச் சிவப்பு, வயிற்றில் மஞ்சள். திராட்சையை முழுதாக விழுங்கும். ஒருமுறைக்கு ஒரு முட்டைதான். கூடு என்று கம்பின் மேல் நாலு குச்சியைக் குறுக்கே போடும். சோம்பேறிப் பறவை என்று சொல்லிச் சிரிப்போம். ஆனால் இது விழுந்த இரண்டாவது முட்டை.

தலைமைக் கீப்பர் ஜேன் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"சிவா, இன்னொண்டும் விழுந்தா இந்தச் சோடியை வேற இடத்துக்கு அனுப்பிப்போடுவினம். கம்பிக் கூடை வைச்சுப் பாத்தனான் தானே?"

"ஓம், வைச்சனீங்கள். கிட்டவும் போகேல்லை."

"கம்பி காலுக்கு வழுக்குது போல. உம்மட வீட்டில பின்னின சாமான் ஏதும் இருக்கோ? ஆழமில்லாமல், காத்துப் போறமாதிரி?"

எனக்கு இடியப்பம் பிழிந்து அவிக்கிற, பிரம்பில் பின்னிய தட்டு ஞாபகம் வந்தது.

2. தட்டு

மோர்டனில் எங்கள் வீட்டில் உங்கள் அம்மா மா குழைத்துக்கொண்டிருந்தார். புறாவுக்குக் கூடு வைக்க இடியப்பத் தட்டுக் கேட்டேன்.

"ஊரிலயிருந்து வந்த தட்டப்பா. பிறகு இடியப்பத்தை என்ர தலையிலயோ பிழியிறது?"

"ஒண்டு காணும், மிச்சத் தட்டுகளில பிழியலாம்."

"நாளைக்குப் புட்டுக்குழலும் கேக்குமோ உங்கட புறா?"

கேட்டுக்கொண்டே நல்ல தட்டாகப் பார்த்து, கழுவித் தந்தார்.

ஜேன் ஏணியைப் பிடிக்க, குழிந்த பக்கம் மேலே வரும்படி கூண்டில் இரண்டு கம்புகள் சேரும் இடத்தில் தட்டைக் கட்டினேன். ஆண் புறா தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு ஒரு குச்சி கொண்டுவந்தது. பெண் அதை வாங்கித் தட்டில் வைத்தது. அதில் இட்ட முட்டை விழவில்லை.

குஞ்சு பொரித்த அன்று ஜேன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "மெல்ல வாரும். உம்மட மனுசியின்ர தட்டில ஆள் இருக்கு."

வீட்டில் சொன்னேன். குஞ்சு பறந்ததும் தட்டைக் கொண்டுவருவதாகவும் சொன்னேன்.

"வேண்டாம், அங்கயே இருக்கட்டும்," என்றார் அம்மா. "அடுத்த முட்டைக்கும் வேணுமெல்லோ."

பறவை சோம்பேறியே இல்லை. அதன் காட்டில் கொடி பின்னிய கிளைகளில் அந்த நாலு குச்சி போதும். நாங்கள் கொடுத்தது வெறும் கம்பு. புது இடத்தில் ஒருவருக்கு வேலை சரிவராவிட்டால், முதலில் அவர் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.