நீட்டிப் பேசாத எஸ்தர் அக்கா

நேற்று மாலை பள்ளி விட்டு வந்து போனைத் திறந்தேன். எங்கள் கால்பந்து ரசிகர் குழுவில் முனுசாமி அண்ணன் எழுதியிருந்தார்: "எஸ்தர் அக்கா தவறிட்டாங்க. மத்தியானம். நெஞ்சு வலி." அதற்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. எங்கள் அணி ஒரு கோல் வாங்கினால் அடுத்த நொடியே ஆளுக்கு ஆள் திட்டித் தீர்க்கும் குழு அது.

நாளைக் காலை அடக்கம். சர்ச் ஐயர் ஜெபம் செய்து முடித்ததும் ரசிகர் குழுவின் சார்பில் யாராவது பேச வேண்டும் என்று முனுசாமி அண்ணன் கேட்டார். ஒருவருக்கு ஷிஃப்ட், ஒருவருக்கு ஊரில் வேலை, ஒருவருக்குத் தொண்டை சரியில்லை. எல்லோரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். எஸ்தர் அக்காவைப் பற்றிப் பேசினால் கம்பெனி வாசலில் நடந்ததைப் பேசாமல் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் நான் எழுதிப் படிக்கிறேன் என்றேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. அவர் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடலாம். யாருகிட்டயும் எதுவும் பேசாத" என்று சாயங்காலமே சொல்லிவிட்டார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதையும் இதில்தான் சொல்ல வேண்டும்.

எஸ்தர் அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. என் அம்மாவுக்கும் அதே கம்பெனிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு "தோணல" என்பதுதான் பதில். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சென்னையில் எங்கள் அணி ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தவறாமல் போவார். நான் எட்டாவது படித்தபோது முதன்முறையாக என்னையும் கூப்பிட்டார். அம்மா தயங்கினார். "பொம்பளப் புள்ளைய பந்தாட்டத்துக்கு இன்னாத்துக்கு இட்டுக்கினு போற?" என்றார்.

"பந்து பாக்கத்தான். வேற இன்னாத்துக்கு?" என்றார் எஸ்தர் அக்கா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் இருந்தே கிளம்பும் ரயில் என்பதால் இடம் கிடைக்கும். நடுப்பெட்டியில் ஒரு மூலை எங்கள் குழுவுக்கு. பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் இன்னும் சிலர் ஏறுவார்கள். எண்ணூர் தாண்டுவதற்குள் சண்டை உச்சத்துக்குப் போய்விடும். சண்டை ஆட்டத்தைப் பற்றிக்கூட இல்லை. அந்த ஆண்டு வந்த தலைமைப் பயிற்சியாளர் பத்திரிகைக்காரர்களிடம் பேசும் விதத்தைப் பற்றித்தான்.

அவர் வெளிநாட்டுக்காரர். சிரிக்கவே மாட்டார். ஒருமுறை ரசிகர்கள் எல்லோருக்கும் பிடித்த முன்கள வீரரை வெளியே உட்கார வைத்துவிட்டார். ஏன் என்று நிருபர் கேட்டார். "அவர் ஓடவில்லை. அடுத்த கேள்வி" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் ரயில் பெட்டியே கொதித்தது.

"நாலு பேரு கேமரா வெச்சிக்கினு நிக்கிறான். கொஞ்சம் சிரிச்சிப் பேசினா இன்னா கொறஞ்சி பூடுவாரு?" என்றார் முனுசாமி அண்ணன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், குழுவிலேயே பெரிய குரல் அவருடையதுதான். "அந்தப் பையன் மனசு இன்னா பாடுபடும்?"

"சிரிச்சிப் பேசுறவன நீ பாத்ததே இல்லையா?" என்றார் எஸ்தர் அக்கா. "போன ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு மேனேஜரு கை குடுத்தான். மறுநாளு கேட்ல கார்டு வேலை செய்யல, வேலை போச்சி. உன் மச்சானுக்குத்தான நடந்துச்சி?"

"அது கம்பெனி, அக்கா. இது ஃபுட்பாலு."

"ரெண்டுத்துலயும் ஆள வெளிய உக்கார வெக்கிறதுதான், நைனா. ஏன் உக்கார வெச்சேன்னு இந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்றான். அந்தப் பையனுக்கு இப்ப தெரியும், ஓடினா உள்ள போவலாம்னு. உன் மச்சானுக்கு இன்ன வரைக்கும் தெரியுமா, இன்னாத்துக்கு வெளிய போனோம்னு?"

முனுசாமி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீஞ்சூரில் ஏறியவர்கள் இன்னார் தோற்றார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் எஸ்தர் அக்கா பயிற்சியாளர் செய்ததையெல்லாம் சரி என்று சொன்னவர் இல்லை. ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண் நிருபரிடம், "உங்களுக்குக் கால்பந்து தெரியாது" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அன்று ரயிலில் எல்லோரும் எஸ்தர் அக்கா என்ன சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று காத்திருந்தார்கள். "தப்பு" என்றார் அவர். "கேட்ட கேள்விக்கு எவ்ளோ கறாரா வேணா பதில் சொல்லு. கேட்ட ஆளப் பத்திச் சொல்லாத. அந்தப் பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. பதில் இல்ல இவருகிட்ட. அதான் அவ மேல பாஞ்சாரு." நேராகப் பேசுவதற்கும் மட்டம் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சண்டைகளில் இருந்துதான் எங்கள் விளையாட்டு பிறந்தது. காலித் தண்ணீர் பாட்டில்தான் மைக். ஒருவர் நிருபராக வந்து கேட்க வேண்டும். எஸ்தர் அக்காதான் எப்போதும் கோச். நான் பெரும்பாலும் நிருபர். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்காருவார்.

"மேடம், போன மேட்ச்ல மூணு கோல் வாங்கினீங்களே, எப்படி ஃபீல் பண்றீங்க?"

"மூணு கோல் வாங்கினவன் எப்பிடி ஃபீல் பண்ணுவான்? அடுத்த கேள்வி."

"முனுசாமின்னு ஒரு ரசிகர் உங்களுக்கு மரியாதை தெரியலன்னு சொல்றாரே?"

"அவரு டிக்கெட் எடுத்தாரான்னு கேளு. அடுத்த கேள்வி."

பெட்டியே சிரிக்கும். சம்பந்தமே இல்லாத பயணிகள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். மீன் கூடையோடு ஏறும் ஒரு அம்மா மைக்கை வாங்கி, "வஞ்சிரம் ஏன் வெல ஏறிடுச்சி, மேடம்?" என்று கேட்டார். "நீதான் ஏத்தின" என்றார் எங்கள் கோச். யாரோ ஒருவர் அதைப் போனில் பிடித்துக் குழுவில் போடுவார். வாராவாரம் இது நடந்தது.

அதனால்தான் அந்தத் தவறு நேர்ந்தது.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு வார நாளில், குழுவில் ஒரு வீடியோ வந்தது. எஸ்தர் அக்கா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு மைக். நாங்கள் வழக்கமான விளையாட்டு என்று நினைத்துவிட்டோம். "கோச்சுக்கே கோச்சு நம்ம அக்கா" என்று முனுசாமி அண்ணன் எழுதினார். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வீடியோவுக்குச் சத்தம் வைக்காமலேயே பலர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் எழுதினார்: "டேய், பின்னாடி பாரு. கம்பெனி கேட்டு."

அந்த மைக் நிஜமானது. சிரிக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன.

அதற்கு முந்தைய நாள் அந்தக் கம்பெனியில் ஒரு விபத்து. தகரத்தை வெட்டி அழுத்தும் இயந்திரத்தில் ஒரு பெண் தொழிலாளியின் கை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கவனக்குறைவு என்று கம்பெனி சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அந்தப் பெண்ணிடம் சூப்பர்வைசர் நல்ல விதமாகத்தான் பேசினார். "என் தப்புதான்னு சொல்லிடும்மா. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். வேலையும் போவாது" என்றார். அந்தப் பெண்ணும் அப்படியே சொன்னார். பயம். வேறொன்றும் இல்லை.

மறுநாள் நிருபர்கள் வாசலுக்கு வந்தார்கள். சூப்பர்வைசர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். எஸ்தர் அக்கா நின்றார். அந்த வீடியோவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த அம்மாவோட கவனக்குறைவுதான் காரணம்னு சொல்றாங்களே?"

"இல்ல. மிஷினுக்கு ஒரு மூடி உண்டு. மூடி இருந்தா கை உள்ள போவாது. வேகம் கொறையுதுன்னு அதக் கழட்டி வெச்சிட்டாங்க. அடுத்த கேள்வி."

"யாரு கழட்டச் சொன்னது?"

"சூப்பர்வைசரு. அதோ, உங்களுக்கு டீ குடுத்துக்கினு இருக்காரே, அவருதான். அடுத்த கேள்வி."

நிருபர் கையில் இருந்த டீ கிளாஸை என்ன செய்வது என்று தெரியாமல் பார்க்கிறார். பிறகு குரலை இரக்கமாக மாற்றிக்கொண்டு, "அந்த அம்மா ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பமா?" என்று கேட்கிறார்.

"அது உனக்கு இன்னாத்துக்கு? மூடியப் பத்திக் கேளு."

"உங்க பேரு போடலாமா மேடம்?"

"எஸ்தர். பேக்கிங் செக்ஷன். போட்டுக்கோ."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. அழவில்லை. கத்தவில்லை. யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ரயிலில் நாங்கள் கேட்டுச் சிரித்த அதே குரல்.

இயந்திரத்துக்கு அந்த வாரமே மூடி திரும்ப வந்துவிட்டது. எஸ்தர் அக்காவின் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. அவர் பொய் சொன்னார், வேண்டாத பகையில் பேசினார் என்று கம்பெனியில் சொன்னார்கள். அடிபட்ட பெண்ணே தன் தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு, இந்தப் பேச்சை யாரால் மறுக்க முடியும்? எஸ்தர் அக்கா பொன்னேரிக்கு மேற்கே உள்ள ஆரணியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். சம்பளம் குறைவு, பஸ் தூரம் அதிகம். குறை சொல்லி நான் கேட்டதில்லை. நேற்றும் அந்தக் கடைக்குப் போன இடத்தில்தான் நெஞ்சு வலி வந்திருக்கிறது.

வீடியோ வந்த அன்று மாலை முனுசாமி அண்ணன் அவர் வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் சிரிச்சி அனுப்பிட்டேங்க்கா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தான சொன்னேன்?" என்று கேட்டார் எஸ்தர் அக்கா.

"கோச்சே இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரு."

"அவருக்கு இன்னா, வேற டீம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அதன் பிறகு முனுசாமி அண்ணன் பயிற்சியாளரை எவ்வளவோ குறை சொன்னார், வாங்கிய கோல்களுக்காகத் திட்டினார். அவர் பேசும் விதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

இதுவரைக்கும் நான் எழுதியதை அம்மா படித்துவிட்டார்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டார். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"ரெண்டு விரலு போச்சுன்னு எழுதியிருக்க. நுனிதான போச்சு. அடிச்சிட்டு சரியா எழுது. கூட்டிச் சொன்னா அவளுக்குப் புடிக்காது."

நான் தலையாட்டினேன்.

"ஒரு பெண் தொழிலாளின்னா யாரு?"

"உன் பேர எழுதலம்மா. வேலை போய்டும்."

அம்மா தாளை என் முன்னால் வைத்தார். பிறகு, "அவ தன் பேரச் சொன்னா. எனக்காகச் சொன்னா. என் தப்புதான்னு நான் சொன்னதால அவ பொய்க்காரின்னு பேரு வாங்கினா. ஒரு நாளு வந்து என்னக் கேட்டாளா? கேக்கல. 'என்னோட பேசாத, உன் வேலையக் காப்பாத்திக்கோ'ன்னு அவளே சொல்லிட்டுப் போனா" என்றார். "பொய்க்காரின்னு அவளப் பொதைக்கக் கூடாது. எழுது."

எழுதுகிறேன். அந்த இயந்திரத்தில் அடிபட்டவர் பெயர் சாந்தி. அவர் என் அம்மா. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போனது. மூடி கழற்றப்பட்டிருந்தது. அவர் தவறு எதுவும் இல்லை. எஸ்தர் அக்கா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் போகவில்லை. திங்கட்கிழமை கேட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் நாளைக் கல்லறைத் தோட்டத்தில் இதை நான் படிக்கும்போது அம்மா ஓரமாக நிற்கப்போவதில்லை. எல்லோரும் பார்க்கும்படி என் பக்கத்தில் நிற்பார். இத்தனை மாதமாக முந்தானைக்குள் வைத்திருந்த கையால்தான் எஸ்தர் அக்காவின் பெட்டியின் மேல் மண் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

போய் வாருங்கள், எஸ்தர் அக்கா. யார் கேட்டாலும் இனி நாங்கள் பதில் சொல்கிறோம்.