தொள்ளாயிரத்து எண்பத்தொன்று

என் அக்காவைத் துறைமுகத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அளவுக்காரி’ என்பார்கள். படகுத்துறைக்கு மேலே இருக்கும் சின்ன வானிலை அறையில் இருபத்திரண்டு வருஷ வேலை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். படகை நிறுத்தச் சொல்லும் உத்தரவு அங்கிருந்துதான் வரும். கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால், “இரு, இன்னொரு வாய் சாப்பிட்டுச் சொல்றேன்” என்பாள். அவளோடு ஒரே அறையில் வளர்ந்த எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தலைமை அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அளவு திடுதிப்பென்று இறங்கினால் கருவிதான் கோளாறு என்று முடிவுகட்டி, முந்தைய அளவையே திரும்பப் போட்டுக்கொள்வார்கள். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்துவைத்தானோ தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கருவி நிஜமாகவே கெட்டுப்போனது. அக்கா கடிதம் மேல் கடிதம் எழுதி, கடைசியில் புதுசு வந்து மாட்டினார்கள். மாட்டியதை மறந்துவிட்டார்கள். கெட்டுப்போனது மட்டும் பசுமரத்தாணி மாதிரி நினைவில் நின்றுவிட்டது.

புயல் ஐந்து நாளுக்கு முன்பே நடுக்கடலில் ஒரு சாதாரணத் தாழ்வு மண்டலமாகப் பிறந்தது. கடல் தண்ணீரின் சூட்டைக் குடித்துக் குடித்துப் பெருத்தது. மூன்றாம் நாள் புயல், நான்காம் நாள் தீவிரப் புயல். ஆனால் வடக்கே போய்விடும், நம் பக்கம் வெறும் மழைதான் என்று ரேடியோ சொன்னது. ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அளவு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து மில்லிபார். பன்னிரண்டு மணிக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. அழுத்தம் இறங்கினால் புயல் நெருங்குகிறது என்று அர்த்தம். மூன்று மணி நேரத்தில் பதினாலு இறங்கினால், அது நம் தலை மேலேயே ஏறி வருகிறது என்று அர்த்தம். அக்கா கருவியின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். போனை எடுத்தாள்.

“மெஷின் மறுபடியும் படுத்துடுச்சா?” என்றார் அங்கே இருந்த அதிகாரி.

“புது மெஷின் சார். நீங்கதானே மாத்துனீங்க.”

“புயல் வடக்க போகுதும்மா. படம் என் கண்ணு முன்னாடி இருக்கு.”

“என் முன்னாடி ஜன்னல் இருக்கு சார். கடலைப் பாத்துக்கிட்டுதான் பேசுறேன்.”

“சரி சரி. தொண்ணூத்தஞ்சே போட்டுக்கிறேன். நீங்க போய் சாப்பிடுங்க.”

சாப்பிடச் சொன்னான் அந்த மகராசன்.

எங்கள் கரைக்கும் அக்கரைக்கும் இரண்டு பயணிகள் படகுகள் ஓடுகின்றன. ஒரு மணிக்கு இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று. இங்கிருந்து போவதை ஓட்டுவது மாமா, அக்காவின் வீட்டுக்காரர். டிக்கெட் கவுண்டரில் நான். அன்றைக்கு அக்கா படியில் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அளவைச் சொன்னாள்.

“மேலேர்ந்து உத்தரவு வரலையே” என்றார் படகுத்துறை மேனேஜர். அலை உயர்ந்து படகைத் தூக்கித் தூக்கிப் போடுவது அவர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

“என்னங்க, நீங்களாவது கேளுங்க” என்று மாமாவிடம் திரும்பினாள்.

“நான் மட்டும் மாட்டேன்னா வேலை போயிடும்டி.”

படகில் இருந்த ஒருவர், “புருஷனை ஒரு மணி நேரம் பிரிஞ்சிருக்க முடியலையாம்மா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா படகில் ஏறினாள். எஞ்சின் சாவியை உருவித் தண்ணீரில் வீசினாள்.

அதற்கப்புறம் அவள் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. மாமா அத்தனை பேர் முன்னால் கை ஓங்கினார். மாற்றுச் சாவியைத் தேடி ஆள் ஓடினான். நான் அக்கரைக் கவுண்டருக்குப் போன் போட்டேன். “உத்தரவு வந்துச்சா? வரலைல்ல? உங்க அக்காவுக்கு வேற வேலை இல்லையா?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். மாற்றுச் சாவி வந்தபோது மணி ஒன்றே முக்கால். அப்போது படகுத்துறையில் நிற்கவே முடியவில்லை. சிரித்தவர்கள் எல்லாம் கிடங்குக்குள் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று மணிக்கு அக்கா தன் அறையில்தான் இருந்தாள். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. போன் செத்துப்போயிருந்தது. எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கடியில் கிடந்தாள். கடல் கடைவீதி வரை ஏறியது. மறுநாள் பார்த்தால் தெருவில் வீடுகளுக்குத் தலை இல்லை, மரங்களின் மேல் தகரம். அக்கரைப் படகு பாதி வழியில் கவிழ்ந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் நாலு பேர் உயிரோடு கிடைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்தில், சாப்பிடச் சொன்ன அதே ஆள், தலையைக் குனிந்து காகிதத்தைப் புரட்டிக்கொண்டு. நான் கதவருகில் நின்றேன், உள்ளே போகவிடவில்லை.

“உங்க நோட்டுல எண்பத்தொண்ணு இருக்கு. எங்க பதிவுல தொண்ணூத்தஞ்சு. நீங்க புயலுக்கப்புறம் திருத்தி எழுதினதாப் பேச்சு அடிபடுது” என்றார் பெரியவர். “கருவிக் கோளாறா இருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சாவி விஷயத்தை நாங்களும் பெருசு பண்ணலை.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அதைவிடக் கொதித்தது, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா அவளுடைய முழங்கையை இடித்து, “போட்டுடு, ரெண்டு பேர் வேலையும் தப்பிச்சுக்கும்” என்று என் காதுவரை கேட்கிற மாதிரி கிசுகிசுத்தபோதுதான். உயிரோடு உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்!

அக்கா அந்தக் காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். மறுபடி படித்தாள். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, ஓரத்தில் இருந்தவரைக் காட்டிப் பெரியவரிடம் சொன்னாள்:

“இவர்கிட்ட நான் சொன்னது பன்னெண்டு மணிக்கு சார். அப்ப அக்கரைப் படகு கரையிலதான் கட்டிக் கெடந்துச்சு. இன்னும் ஒருத்தர்கூட ஏறலை.”