சப்பாத்தைக் கழற்றி வைப்பவர்

புலம்பெயர்ந்து வந்து கிரெய்கிபர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தவர். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. எப்போது வந்தாலும் சப்பாத்தைக் கழற்றி, சோடியாக வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். வாடகைக்கு இருப்பவர்களையும் மதிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கும் மனைவிக்கும் காலையில் தலையிடி. காஸ் ஹீட்டரில்தான் ஏதோ பிழை என்று சொன்னபோது, "மல்லித்தண்ணி குடியுங்கோ" என்றார். கடைசியில், சட்டப்படி செய்யவேண்டிய காஸ் பரிசோதனைக்கு ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தார். ஹீட்டரின் முன் கருவியைப் பிடித்த அவர், எங்களுக்குத் தலையிடி ஏதும் உண்டா என்று கேட்டார்.

"நோ, நோ. தே ஆர் வெரி ஹெல்தி" என்றார் வீட்டுக்காரர். மனைவிதான், "யெஸ். எவ்ரி மோர்னிங்" என்றாள்.

வந்தவர் ஹீட்டரை நிறுத்தி, இனிப் பாவிக்கக்கூடாது என்று சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். நச்சுவாயு அறைக்குள் வருகிறது, ஒருநாள் நீங்கள் எழும்பாமலே போயிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"புது ஹீட்டர் எப்ப அண்ணை வரும்?" என்று கேட்டேன்.

"சண்டை நேரம் பங்கருக்குள்ள கிடந்து வந்த ஆக்கள்தானே. இந்தக் குளிர் உங்களை என்ன செய்யப்போகுது?" என்று சிரித்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்: "தங்கச்சிக்கு இப்ப இங்கிலிஷ் நல்லா வருது."

வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவன் சப்பாத்தோட கார்பெட்டை மிதிச்சுப்போட்டான். சேறு ஊற முதல் துடைச்சு விடுங்கோ."

"ஓம் அண்ணை" என்றேன். அவர் இவ்வளவு காலமும் சப்பாத்தைக் கழற்றியது எங்களுக்காக அல்ல என்பது, துணியை நனைக்கும்போதுதான் விளங்கியது.