நிம்மதியாகத் தோற்க முடியாத ஊர்

பாலக்காட்டில் ரகசியம் காக்கலாம் என்று நம்பியது என் முட்டாள்தனம். நான் பீர்மேட்டு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். ஆசிரியை வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது, அப்பாடா, இனி நம்மை யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டும் ஆசை வந்தது. மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போனது போதும். அடுத்த லீவுக்கு நானே ஓட்டிப் போய் அம்மா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் டெஸ்டில் தோற்றால் அசிங்கம் அல்லவா? ஊரின் மறுகோடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், காலை ஆறு மணி வகுப்பில், யாருக்கும் சொல்லாமல் சேர்ந்தேன்.

மூன்றாம் நாள், தெருமுனை மளிகைக்கடை பாய் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "கிளட்ச மெதுவா உடோணுங்க டீச்சர். பொசுக்குன்னு உட்டீங்கன்னா வண்டி நின்னு போயிருமுங்க."

கோயம்புத்தூராக இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இது நடுவாந்திரமான ஊர். தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, என் கிளட்ச் பிரச்சினை தெரியும்.

டெஸ்ட் கிரவுண்டில், நட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்து வடிவில் காரை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதல் தடவை ஒரு கம்பியைத் தட்டினேன். நான் பஸ் பிடித்து வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. "போச்சாதுங்க, ஒரு கம்பிதானுங்களே" என்று தேற்றினார் பாய். இரண்டாம் தடவை இரண்டு கம்பி. மீன்காரம்மா ஆறுதலுக்கு நாலு மத்தி கூடப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் ஒரு மனுஷி நிம்மதியாகத் தோற்கக்கூட முடியாதா? பாய் கடையில் நின்று கத்தியே விட்டேன்: "என் சங்கதிய நானே சொல்லுதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது!"

மூன்றாம் தடவை பாஸ். ஒரு கம்பியும் அசையவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். தெருவில் இறங்கினால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மீன்காரம்மா தராசைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். தோற்றபோது துக்கம் விசாரித்த தெருவா இது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே பாயிடம் போனேன். "பாய், நான் பாஸ் ஆயிட்டேன்."

"அப்படீங்களா டீச்சர்!" பாய் கண்ணை அகல விரித்தார். கை மட்டும் மேசைக்கு அடியிலிருந்து லட்டுப் பெட்டியை எடுத்தது. பாதி காலி.

"இது எப்ப வாங்குனது?"

"காலைல பத்தரைக்குங்க. கிரவுண்டுக்கு எதுத்தாப்புல நம்ம மச்சான் ஜூஸ் கடை வெச்சிருக்கானுங்க, அப்பவே போன் பண்ணிட்டான். தெருவே தின்னாச்சு. ஆனா நீங்கதான சொல்லோணும்னீங்க?"

திரும்பினேன். மீன்காரம்மாவும் மருந்துக்கடைக்காரரும் வாசலில் நின்றார்கள்.

"என்ன டீச்சர், ஏதாவது விசேஷமா?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் மீசையில் லட்டுத் தூள் ஒட்டியிருந்தது.

முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.