ரன் இருபது அடி

போன வாரம், நான் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்துக்குக் கள்ளக்குறிச்சியில் புது பங்களா கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் வந்தார். தன் வெளிநாட்டு நாய்க்குத் தனி அறை வேண்டுமாம். "செவுத்துக்கு இன்னா கலர் டைல்ஸ் போடலாம் மேடம்? அதுக்குக் கண்ணு கூசக்கூடாது" என்று மிகுந்த கவலையோடு கேட்டார். அவர் சட்டையிலிருந்து ஈர சிமெண்ட் வாசனை வந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. நாய்வீட்டுத் துறையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். என் முதல் கட்டுமானமே அதுதான்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த வருடம் அது. எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. அப்பா அவனுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்திருந்தார். காலையில் ஒரு சுற்று வருவான், பிறகு நிழல் பார்த்துப் படுப்பான், யார் வந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறப்பான். ஒரு சான்றிதழுக்காவது அலைந்தவர்களுக்குப் பெயர்ப்பொருத்தம் புரியும். அந்த ஆபீசர் ஒரே வாரத்தில் பெரியம்மாவின் மூன்று கோழிகளைத் தின்றுவிட்டான். அதில் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு.

பெரியப்பா வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. நடுவில் இரு வீட்டுக்கும் பொதுவான வாசல். அதில் நின்று பெரியம்மா கத்தினார்: "ஒங்க நாயி எங்கோழிய தின்னுக்கினு இருக்குது, நீங்க டிவி பாத்துக்கினு இருக்கறீங்களா?"

அப்பா தீர்ப்புச் சொன்னார். "தை பொறக்கறதுக்குள்ள நாயி ஒரு கட்டுக்குள்ள வரணும். இல்லன்னா வெள்ளிமலைக்கு ஏத்தி வுட்டுடுவேன்." மலைமேல் அவருக்குத் தெரிந்த ஒருவர், மரவள்ளிக் காட்டுக்குக் காவல்நாய் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வைத்திருந்த இரண்டையும் காட்டுப்பன்றி கிழித்துவிட்டதாம். பன்றி வந்தால் ஆபீசர் என்ன செய்வான்? ஒரு கண்ணைத் திறப்பான். அதோடு கதை முடியும்.

விடுவேனா? உலகத்து நாய்வீடுகளையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பெரிய சார்ட்டில் பிளான் போட்டேன். தரை அரை அடி உயரம். கழுவிய தண்ணீர் தேங்காமல் ஒரு மூலைக்குச் சரிவாக வாட்டம், அங்கிருந்து வாழைக்கு வாய்க்கால். படுக்கப் பலகை. எதிரெதிரே சன்னல். ஆள் உள்ளே போகும்போது நாய் வெளியே நழுவாமலிருக்க இரட்டைக் கதவு. "நம்ம வூட்டுக்கே பிளான் கெடையாது" என்றார் அப்பா.

கட்ட வந்த ஏழுமலை மேஸ்திரி சார்ட்டைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "பாப்பா, கவர்மெண்டு குடுத்த எங்க தொகுப்பு வூட்ல மழ பேஞ்சா தண்ணி உள்ள வருது. இதுல வெளிய போவுது. நாயி ஒத்துக்கினா நானும் ஒரு மூலையில படுத்துக்கறேன்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்றைக்கு எனக்கிருந்த கவலையெல்லாம் வாட்டம் சரியாக வருமா என்பதுதான்.

அறைக்கு முன்னால் நாய் ஓடியாட, வலை அடைத்த நீளமான இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அதை 'ரன்' என்கிறார்கள். 'நாய் ஓடும் இடம்' என்று தமிழில் எழுதினால் டிப்ளமோவுக்கு என்ன மரியாதை? 'ரன் – 20 அடி' என்று சிவப்பு மையில் எழுதினேன். புங்கமர நிழல் பொதுவாசலின் நடுவில்தான் விழும் என்பதால் ரன் அங்கேதான் வரவேண்டும் என்று மேஸ்திரிக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடும் போட்டுக் காட்டிவிட்டு, வேலைக்கான தேர்வு எழுத இரண்டு நாள் விழுப்புரம் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலின் நடுவில், ஆள் உயரத்துக்கு, ஒரே ஒரு சுவர் நின்றது. அறை இல்லை, கதவு இல்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஒரு நூல் பிசகாத சுவர்.

"இன்னா மேஸ்திரி இது?"

"நீதான பாப்பா ரன் இருபது அடின்னு செவப்புல எழுதிக் குடுத்த? மதிலுக்கு ரன்னிங் அடிதான கணக்கு? டேப்பு வச்சிப் பாரு, ஒரு இஞ்சு ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

உண்மைதான். மதில் நீளத்தைக் கொத்தனார்கள் ரன்னிங் அடியில்தான் சொல்வார்கள். அது மூன்று வருடம் சிவில் படித்தவளுக்குத் தோன்றவில்லை. கரும்பு வெட்டிலிருந்து வந்த அப்பா, "படிச்ச புள்ள, ஏதாச்சும் கணக்கு வச்சிருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார். செங்கல் முழுக்கத் தீர்ந்திருந்தது. ஆபீசர் சுவரின் முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டு வந்தான். அரை நிமிடம் ஆனது.

பெரியப்பா கண்ணில் மட்டும் அது நாய்வீடாகப் படவில்லை. "நாயி பேரச் சொல்லி எந்தம்பி பாகம் பிரிச்சிட்டானா?" என்றார். நான் சார்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வாட்டத்தையும் வாய்க்காலையும் விளக்கினேன். "நல்லா படம் காட்டற. ஒங்கப்பன் சொல்லிக் குடுத்தானா?" இடித்துவிடலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "இடிச்சா நான் தப்பு பண்ணேன்னு ஆயிடும்" என்றார். நியாயம் பேசுவதில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே அச்சு.

பேச்சு நின்றது. பேச்சில்லாமல் புகார் சொல்ல முடியாதே, அதுவும் நின்றது. பெரியம்மா கோழிகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடினார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான் என்பது டிப்ளமோ படிக்காதவர்களுக்குத் தெரிந்திருக்கும். தை பிறந்தது. ஆபீசரை யாரும் எங்கும் ஏற்றிவிடவில்லை. ஒரு நாயைக் காப்பாற்ற இரண்டு வீட்டைப் பிரித்த கட்டடக்கலை என்னுடையது.

அதற்குப் பிறகு சுவரைச் சுற்றிப் போய்வந்த ஒரே ஆள் அவன்தான். மத்தியானமானால் அந்தப் பக்கம் பெரியம்மா குரல் கேட்கும்: "வாடா தொர, மீன் தல வச்சிருக்கேன். ஒனக்கின்னா, ரோஷமா மானமா? பொண்ணு வேலைக்குப் போறாளாமே, ஒரு வார்த்த சொன்னாங்களா?" நாயிடம் பேச அவ்வளவு சத்தம் தேவையில்லை. இந்தப் பக்கம் நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

ஆபீசர் வயதாகி, போன ஐப்பசியில் செத்துப்போனான். சுவர் முனையில் அவன் நடந்து நடந்து விழுந்த தடத்தில் அருகம்புல் மூடிவிட்டது. மத்தியானங்களில் பெரியம்மா வீட்டுப் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது.