மாமனாரின் காலித் தட்டு

சத்துணவு ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தட்டுகளை எடை போடுபவளுக்குத் ‘தராசு அக்கா’ என்று பெயர். சாப்பிடுகிறவர்களை உற்றுப் பார்க்கக்கூடாது என்பது விதி. அதனால் கூடத்திலேயே காத்திருப்பாள்.

அந்த வீட்டு மாமனாரின் தட்டு தினமும் காலியாக வந்தது. ஆளோ இளைத்துக்கொண்டே போனார். அவளுக்கு மண்டை குடைந்தது.

ஒருநாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் மருமகளின் தட்டில் இறைச்சியை அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்கே டிமிக்கியா?”

“அவளுக்குத்தாம்மா சத்து வேணும்.”

“உங்களுக்கு?”

தலை குனிந்தார். “பல்லெல்லாம் ஆடுது. மெல்ல முடியல.”

“பசியில்லன்னு பொய் சொன்னீங்களே மாமா!”

கண்ணீரோடு மருமகள் இறைச்சியைப் பஞ்சாகப் பிசைந்து கொடுத்தாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். அக்கா விதியை மறந்து கடைசி வாய்வரை பார்த்தாள். அன்றுதான் அந்தக் காலித் தட்டை நம்பிக் குறிப்பேட்டில் எழுதினாள்.