மறதிக்கு எத்தனை இங்கிலீஷ்

டீச்சருக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்ததே இங்கிலீஷால்தான்.

சாயங்காலங்களில் வீட்டு முன்னறையில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கும் நர்சுகளுக்கும் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பாள். புருஷன் ஒரு கம்பெனி மேனேஜருக்கு டிரைவர். மேனேஜருக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. 'யெஸ் சார், நோ சார்' என்றே இத்தனை வருஷம் காலத்தை ஓட்டிவிட்ட மனுஷன், ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, மறந்துட்டேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"ஐ ஃபர்காட்."

"அது தெரியும். வேற?"

"இட் ஸ்லிப்டு மை மைண்ட். மனசுலேருந்து நழுவிடுச்சுன்னு அர்த்தம்."

அடுத்த வாரம் இன்னொன்று கேட்டார். மூளை வெறிச்சோடிவிட்டது என்ற அர்த்தத்தில் "மை மைண்ட் வென்ட் பிளாங்க்" சொல்லிக்கொடுத்தாள். பிறகு, ஞாபகத்துக்கே வரவில்லை என்பதற்கு "இட் டஸின்ட் ரிங் எ பெல்".

"மணியே அடிக்கலையாமா? நல்லாருக்கே!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளை யோசிக்க வைத்தது. சாக்கு தேடுகிறவனுக்குத்தானே இத்தனை விதமான மறதி வேண்டும்? வீட்டுக்கு வருவதும் தாமதம். கேட்டால், "டிராஃபிக்." சட்டைப் பையைத் துழாவினாள், காலரை மோந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கில்லாடிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டு, அவர் ஆபீசுக்கு எதிரே பழக்கடை மறைவில் போய் நின்றாள்.

அவர் சாவியோடு வெளியே வந்தார். வரிசையாக நின்ற கார்களில் ஒரு வெள்ளைக் காரின் கதவை இழுத்தார். திறக்கவில்லை. பக்கத்துக் காருக்குப் போனார். அதுவும் இல்லை.

"என்ன டிரைவர் சார், இன்னிக்கும் வண்டியைக் காணோமா?" என்றார் வாட்ச்மேன்.

"மை மைண்ட் வென்ட் பிளாங்க்!" என்று சிரித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. சிரிப்பைக் காணோம்.

எந்தப் பெண்ணும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது டீச்சருக்கு. ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

"என்னங்க, எவ்வளவு நாளா இப்படி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வழிகூட மறந்துபோகுது. தினம் ஒரே வார்த்தையைச் சொன்னா கண்டுபிடிச்சிடுவாங்கல்ல? அதான் மாத்தி மாத்தி..."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"உன்கிட்ட எந்த பாஷையிலயும் சொல்ல வாய் வரலம்மா."

சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நேரே மாடியேறி, இவர் இனி வண்டி ஓட்டமாட்டார் என்று மேனேஜரிடம் பளிச்சென்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நம்பிக்கை மட்டும் அளந்துதான் கொடுத்தார்.

இப்போது தெருமுனைக் கடைக்குத் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடிப்பார். டீச்சர் தெரியாமல் பின்னாலேயே போவாள். அவருக்கும் அது தெரியும். செருப்பைச் சரிசெய்வதுபோல நின்று நின்று நடப்பார், அவள் பின்தங்கிவிடாதபடி.